பொட்டு வைத்த போத்தல்

"ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... என் தங்கமில்ல, ஸ்ஸ்ஸ்..."

பவுனம்மாள் குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் குழந்தையை உட்கார வைத்திருந்தாள். எதிரே அவள் புருஷன் சபாபதி, ரயில்வே பார்சல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கிரைப் வாட்டர் போத்தலோடு குந்தியிருந்தான். போத்தல் காலியாக இருந்தது.

சந்திரகலாவுக்கு ஒன்றரை வயது. பிறந்ததிலிருந்து அவள் நனைக்காத இடம் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் கிடையாது. பாய், தலையணை, அப்பாவின் ஆபீஸ் கோட்டு, தைப்பூசத்துக்கு வந்து தங்கிய விருந்தாளியின் பட்டுப்புடவை என்று பாகுபாடு பார்க்காமல் வாரி வழங்கியவள். டாக்டர் போத்தலில் பிடித்து வரச் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காய்ச்சல் குழந்தையை விடாமல் பிடித்திருந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் மலேரியாவும் இல்லை.

"அப்படின்னா மூத்திரத்தைப் பார்த்திடுவோம்" என்று டிஸ்பென்சரி டாக்டர் சிரில் சொல்லியிருந்தார். "அதுல ஏதாவது தெரிஞ்சா மருந்து கொடுத்து வீட்டிலயே வச்சுப் பார்த்துக்கலாம். அதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா பெரிய ஆஸ்பத்திரி வார்டுலதான் சேர்க்கணும்."

வார்டு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பவுனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே தாயை உடன் தங்க விடமாட்டார்கள். மணி அடித்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். மறுபடி மணி அடித்தால் அழுகிற பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

"தண்ணிக் குழாயைத் திறங்க. சத்தம் கேட்டா வரும்" என்றாள்.

சபாபதி திறந்தான். சத்தம் கேட்டது. சபாபதிக்குத்தான் வந்தது. எழுந்து வெளியே ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் சந்திரகலா குளியலறைத் தரை முழுக்க நனைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே போனீங்க? போத்தலையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே!"

"எனக்கென்ன தெரியும் பவுனு, இப்படி நேரம் பார்த்துப் போவான்னு?"

மறுபடி பார்லி தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி "ஸ்ஸ்ஸ்" சொன்னார்கள். இந்த முறை சபாபதி அசையவில்லை. கொக்கு மீனுக்குக் காத்திருப்பது போலக் கழுத்தை நீட்டிக் காத்திருந்தான். வந்தபோது பாதி போத்தலுக்குள் போயிற்று. மீதி அவன் மீசைக்குப் போயிற்று. அந்தப் பாதியே போதும் என்று இருவரும் கடவுளைக் கும்பிட்டார்கள்.

பவுனம்மாள் போத்தலை இறுக்கி மூடி, மாரியம்மன் கோவில் குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"போத்தலுக்கு எதுக்கு பொட்டு?"

"ரிசல்ட் நல்லதா வரணுமில்ல? அதோட, பொட்டு வச்சதுதான் பாப்பாவோடதுன்னு உங்களுக்கும் அடையாளம். மாத்திக் கொடுத்துடாதீங்க."

"நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அடையாளம் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை சபாபதி இன்னொரு போத்தலும் கொண்டு போக வேண்டியிருந்தது. அதே மாதிரி கிரைப் வாட்டர் போத்தல். அதுவும் சந்திரகலா குடித்துத் தீர்த்ததுதான்.

அவனுடைய மேலதிகாரி பெரிய கிராணி கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர். புதிதாக வீடு கட்டி அன்றைக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். "சபாபதி, உம்முடைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலதானே நாகையாவின்ர மாட்டுக் கொட்டில்? பூசைக்குக் கொஞ்சம் கோமியம் கொண்டு வந்து தாரும்" என்று சொல்லியிருந்தார். கார்த்திகேசு சொன்னால் செய்துவிட வேண்டும். மனது வைத்தால் பதவி உயர்வுக்கு எழுதுவார். மனது கசந்தால் ஆளைக் கிள்ளான் கூட்ஸ் ஷெட்டுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார். போட்டால் குவார்ட்டர்ஸும் போய்விடும்.

நாகையா பால்காரர். அவருடைய பாலைப் பற்றி பிரிக்பீல்ட்ஸில் நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் ஏறும், நாகையா செம்பில் பால் ஏறும் என்பார்கள். ஆனால் அவருடைய கோமியத்தைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், தீட்டுக் கழிக்க வேண்டும் என்றாலும் நாகையா கோமியம்தான். தெளிந்த நீர் மாதிரி இருக்கும் என்று ஐயரே புகழுவார்.

"விடியக்காலையில வந்திடுங்க கிராணி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் நாகையா. "வெயில் ஏறிட்டா கிடைக்காது. சனி, ஞாயிறுன்னா எந்நேரமும் வாங்க, பரவாயில்ல. நாளைக்கு வியாழக்கிழமையாச்சே."

குழந்தையின் காய்ச்சலில் மூழ்கியிருந்த சபாபதி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் வேலிக்கு மேலே நாகையா நிரப்பி நீட்டிய போத்தலை வாங்கினான். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதையும் மகளுடையதையும் ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

புது வீட்டு வாசலில் கார்த்திகேசு பட்டு வேட்டியோடு நின்றார்.

"வந்திட்டீரோ? நல்லது. இந்த மாவிலையை உயரக் கட்டும், ஒருத்தருக்கும் எட்டேல்ல."

சபாபதி பையை அவருடைய மனைவி இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு முக்காலியில் ஏறினான். இராஜம்மா பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாவிலையைக் கட்டி முடித்து, பைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் அதை அப்படியே எடுத்துக்கொண்டு சபாபதி டிஸ்பென்சரிக்கு ஓடினான்.

டிஸ்பென்சரியில் டெஸ்ட் செய்கிறவர் டிரஸ்ஸர் ஸ்டானிஸ்லாஸ். முறுக்கிய மீசை, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. டாக்டருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று நம்புகிறவர். நம்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல் சொல்லவும் செய்வார்.

"இங்க பாருங்க, மிஸ்டர் சபாபதி" என்று கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். "சூடு காட்டுறேன். கலங்குதா? கலங்கலை. இப்ப ஆசிட் ஒரு சொட்டு. ஏதாவது ஆச்சா? ஒண்ணும் ஆகலை. ஆல்புமின் இல்லைன்னு அர்த்தம். இந்த நீல மருந்துல விட்டுக் காய்ச்சுறேன். சர்க்கரை இருந்தா செங்கல் நிறமா மாறும். மாறுச்சா?"

"நீலமாவே இருக்கு."

"அதான்லா!" என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "சீழ் செல் இல்ல, ஒரு அழுக்கு இல்ல. என் சர்வீஸுல இப்படி ஒரு சுத்தமான மூத்திரத்தை நான் பார்த்ததே இல்ல. உங்க மகளுக்கு நூறு மார்க் போடலாம்!"

சபாபதி ஆனந்தத்தில் டிரஸ்ஸரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பவுனம்மாள் வைத்த பொட்டு வேலை செய்துவிட்டது.

டாக்டர் சிரில் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

"மூத்திரம் சுத்தமா இருக்குன்னா காய்ச்சலுக்குக் காரணம் அங்க இல்லைன்னு அர்த்தம், சபாபதி. ரத்தத்திலயும் இல்ல. இனி நான் இங்க வச்சுப் பார்க்க முடியாது. நாளைக் காலையில வார்டுல சேர்த்திடுங்க."

நூறு மார்க் வாங்கினால் வார்டு என்று சபாபதிக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. பவுனம்மாளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

எப்படியும் நாளைக்கு லீவு கேட்க வேண்டும். கார்த்திகேசுவின் வீட்டுக்கே திரும்பிப் போனான். பூஜை முடிந்து வடை வெந்துகொண்டிருந்தது. கூடம் நிறைய ஆட்கள்.

"இஞ்ச வாரும் சபாபதி!" கார்த்திகேசு முகம் மலர்ந்திருந்தது. "நல்ல கோமியம் கொண்டு வந்தீர். ஐயர் வீடு முழுக்கத் தெளிச்சார். பஞ்சகவ்யம் செய்து தந்தார். நான் மூன்று தரம் வாங்கிக் குடிச்சனான். உடம்பில ஒரு புதுத் தெம்பு காணும்!"

சபாபதி சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் பூஜை இடத்தில் விளக்குப் பக்கத்தில் நின்ற காலிப் போத்தல் கண்ணில் பட்டது. அதன் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது.

அவன் மெதுவாக இராஜம்மாவிடம் போனான்.

"அம்மா... பையில ரெண்டு போத்தல் இருந்துச்சே..."

"ஓம், பார்த்தனான். பொட்டு வைச்சதை எடுத்தன். பொட்டு வைச்சதுதானே பூசைக்கு?"

பெரிய கிராணி குடித்தது சந்திரகலாவுடையது! கிள்ளான் கூட்ஸ் ஷெட் கண்ணுக்கு முன்னால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்தது. அப்படியானால் டிரஸ்ஸர் பார்த்தது நாகையாவின் மாட்டுடையது. சந்திரகலாவுடையதை யாருமே இன்னும் பார்க்கவில்லை. வார்டு வேண்டியதில்லாமலும் போகலாம்! ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்து, எது முதலில் வெளியே போவது என்று தொண்டையில் நெருக்கின.

"என்ன காணும் முழிக்கிறீர்?" கார்த்திகேசு வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். "உமக்கெண்டு கடைசிப் பஞ்சகவ்யம் வைச்சிருக்கிறன். பிடியும்."

"நான்... ஐயா, நான் இன்னும் குளிக்கலை..."

"பரவாயில்லை, குடியும்."

மேலதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார். சபாபதி கண்ணை மூடினான். பெற்ற மகள்தானே என்று ஒரே மூச்சில் விழுங்கினான். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் பொட்டு வைத்த போத்தலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினான். லீவு கேட்க மறந்தே போயிற்று.

டிஸ்பென்சரி பெஞ்சு நிறைய நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று சபாபதி நினைத்தான்.

"டாக்டர், இன்னொரு தடவை பார்த்திடலாமே. வேற பிடிச்சுக் கொண்டு வரேன்."

"ஏன்?" டிரஸ்ஸர் மீசை நிமிர்ந்தது. "என் டெஸ்ட்ல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லைங்க..."

"தப்பு இல்லைன்னா ஏன் திரும்பப் பார்க்கணும்? சொல்லுங்க!"

சபாபதி டாக்டரைப் பார்த்தான். கிள்ளானை நினைத்தான். மணி அடித்ததும் வார்டிலிருந்து வெளியே வரும் பவுனம்மாளை நினைத்தான். அவள் முகம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"நீங்க காலையில பார்த்தது பாப்பாவோடது இல்லைங்க. கோமியம். நாகையா மாட்டோடது. பாப்பாவோடது பெரிய கிராணி வீட்டுக்குப் போயிடுச்சு. அங்க... அதைப் பூஜைக்கு வச்சுட்டாங்க."

டாக்டர் சிரில் மேஜையில் கவிழ்ந்து குலுங்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு லோரிக்காரர், "டிரஸ்ஸர் அண்ணே, மாட்டுக்கு நூறு மார்க்கா போட்டீங்க?" என்றார். பின்னாலிருந்து யாரோ "ம்ம்மா..." என்று கத்தினார்கள்.

"குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பவுனம்மாள் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். இந்த முறை யாரும் "ஸ்ஸ்ஸ்" சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரஸ்ஸர் வெறுப்போடு குழந்தையைக் கையில் வாங்கியதும், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்து சந்திரகலா மனம் குளிர்ந்தாள். டாக்டர் சிரில் தாவிக் கிண்ணத்தை நீட்டியதால் டெஸ்டுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

இந்தத் தடவை டாக்டரே பார்த்தார். விளக்கில் காட்டினதும் குழாய் கஞ்சித் தண்ணியாகக் கலங்கிற்று. ஆசிட் விட்டும் தெளியவில்லை. மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீழ் செல் அப்பிக் கிடக்கு. ஒண்ணு ரெண்டு இருந்தா யாருக்கும் இருக்கறதுதான்னு விட்டுடலாம். இது அப்படியில்ல. மூத்திரப் பாதையில புண்ணு. காய்ச்சல் அங்கேருந்துதான் வருது."

பவுனம்மாள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்போ... கெட்ட ரிசல்ட்டா டாக்டர்?"

"கெட்ட ரிசல்ட்டுதாம்மா. அதான் நல்லது. என்னன்னு தெரிஞ்சு போச்சில்ல? மிக்சர் தரேன், நேரம் தவறாம கொடுங்க. பார்லி தண்ணி நிறையக் கொடுங்க. வார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

பவுனம்மாள் குழந்தையை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழுதாள். கெட்ட ரிசல்ட்டுக்கு இப்படிச் சந்தோஷப்பட்டு அழுத தாயை டாக்டர் சிரில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சபாபதிக்கும் கண் கலங்கிவிட்டது. இதோடு கதை முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

டிரஸ்ஸருக்கு முடியவில்லை. ஈரக் கோட்டோடு நின்று அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மாட்டையும் மனுசனையும் பிரிச்சுத் தெரியாதவனா நான்? மாட்டு மூத்திரத்துல ஆசிட் விட்டா சோடாத் தண்ணி மாதிரி பொங்கும். காலையில நான் விட்டேன். பொங்கலை. நீங்களும் பக்கத்துல நின்னு பார்த்தீங்க. அது மாட்டோடது இல்லவே இல்ல!"

"ம்ம்மா..." என்றது பெஞ்சு.

அவ்வளவுதான். ஸ்டானிஸ்லாஸ் ஒரு கையில் ஆசிட் போத்தலும் மறு கையில் கண்ணாடிக் குழாயுமாகத் தெருவில் இறங்கினார்.

"எங்கே போறீங்க, டிரஸ்ஸர் சார்?" சபாபதி பின்னால் ஓடினான்.

"பெரிய கிராணி வீட்டுக்கு! நாலு பேர் முன்னால நிரூபிச்சுட்டுத்தான் மறுவேலை!"

"சார், வேணாம் சார்! பிள்ளைகுட்டிக்காரன் சார்!"

டிரஸ்ஸர் நிற்கவில்லை. கார்த்திகேசு வீட்டுக் கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது உள்ளே நுழைந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இலையில் கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள். ஐயர் மெதுவாக எழுந்து வாய் கொப்பளிக்கப் போனார்.

கார்த்திகேசுவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"சபாபதி. நான் குடிச்சது உம்முடைய பிள்ளையின்ர...?"

"போத்தல் மாறிப் போச்சுங்க ஐயா."

"காய்ச்சல் பிள்ளையின்ர!"

"இப்ப வார்டு வேணாம்னுட்டாங்க ஐயா."

"நாளைக்கே நீர் கிள்ளான்!"

"பொறுங்க, பொறுங்க" என்று டிரஸ்ஸர் கையை உயர்த்தினார். "நான் பார்த்தது மாட்டோடது இல்லைன்னுதானே சொல்றேன்? கோமியம் என்கிட்ட வரலைன்னா எங்க போயிருக்கும்? இங்கதான் வந்திருக்கும். நீங்க குடிச்சது சுத்தமான கோமியம்தான்!"

கார்த்திகேசுவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"ஓமோ?"

"பொட்டு இருந்துச்சே, ஐயா..." என்று ஆரம்பித்த சபாபதி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"பொட்டை அழிச்சு மாத்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டிரஸ்ஸர். "ஆசிட் பொய் சொல்லாது. இப்பவே புதுக் கோமியம் கொண்டு வரச் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும் ஒரு சொட்டு விடுறேன். நுரைச்சுப் பொங்கினா நான் சொன்னது சரி. பொங்கலைன்னா இந்த மீசையை இங்கேயே எடுத்திடுறேன்."

கூடம் முழுக்க ஆமாம் போட்டது. கார்த்திகேசு எழுந்து நின்றார்.

"சரி. பொங்கினால் நான் தப்பினன். இவரும் தப்பினார், பதவி உயர்வுக்கு நானே எழுதுவன். பொங்காட்டில் இவர் கிள்ளான்."

சபாபதி தெரிந்த சாமிகளையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டான். மகளின் மூத்திரத்துக்காகக் காலையில் வேண்டிக்கொண்டதைவிட உருக்கமாக, இப்போது மாட்டு மூத்திரம் பொங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

நாகையா பின்கட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தார்கள். ஒரு பக்கம் டிரஸ்ஸர் ஆசிட் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மறுபக்கம் ஐயர் நின்றார். அந்த ஐயர் நாகையாவின் கோமியத்தைத் தெளிக்காத வீடு பிரிக்பீல்ட்ஸில் இல்லை.

"நாகையா, ஓடிப்போய்ப் புதுக் கோமியம் ஒரு போத்தல் கொண்டு வா" என்றார் கார்த்திகேசு. "காலையில குடுத்த அதே கோமியம். இப்பவே வேணும்!"

நாகையா வாசலில் ஏறியிருந்த வெயிலைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இப்பவேன்னா எப்படிங்க ஐயா? என் சின்ன மவன் பள்ளிக்கூடத்துலல்ல இருக்கான்!"